வெள்ளத்தைத் தடுக்க வந்த சுவர்

"பட்டாளம் இருப்பதால்தான் விஞ்ஞானம் வளர்கிறது. யுத்தத்துக்கென்று கண்டுபிடித்ததெல்லாம் பின்னால் ஜனங்களுக்குத்தானே வந்து சேருகிறது?" இப்படி ஒரு வாதம் படித்தவர்கள் மத்தியில் நடமாடுகிறது. ராணுவச் செலவு ஏறும்போதெல்லாம் முதலாளிப் பத்திரிகைகள் இதைத் தூசி தட்டி எடுத்து வைக்கின்றன. அவர்கள் காட்டும் அத்தாட்சிகளில் ஒன்று ஹெஸ்கோ என்ற கம்பிவலைத் தடுப்புச் சுவர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் சிப்பாய்களைக் காத்த சுவர், இன்று வெள்ளத்திலிருந்து ஊர்களைக் காக்கிறதாம்!

சரி, அந்தச் சுவரையே எடுத்துக்கொள்வோம்.

அது ஒன்றும் மாயப் பொருள் அல்ல. துத்தநாகம் பூசிய கம்பிவலையில் பெட்டி. உள்ளே கனத்த துணி. ஆர்மோனியத்தின் துருத்தி போல மடித்து லாரியில் ஏற்றலாம். இழுத்து விரித்து, மண்ணையோ மணலையோ யந்திரத்தால் கொட்டினால் சுவர். மண்மூட்டை அடுக்கி முதுகு ஒடிந்தவனுக்கு இதன் அருமை தெரியும். 2004-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆராய்ச்சி நிலையமே மண்மூட்டைக் கரையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிச் சோதித்தது. மண்மூட்டைக்கு ஆன உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் இந்தச் சுவர் எழும்பியது. குறையும் உண்டு: மணல் நிரப்பினால் நீர் கசியும், பிளாஸ்டிக் தாள் போர்த்த வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தது எந்தத் தளகர்த்தர்? எந்த யுத்த மந்திரி? ஒருவருமில்லை! ஜிம்மி ஹெசல்டன் என்ற சுரங்கத் தொழிலாளி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்காரர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு உடலுழைப்புக்குப் போனவர், பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1984 மார்ச்சில், இருபது சுரங்கங்களை மூடி இருபதாயிரம் பேரை வெளியேற்றும் திட்டத்தை எதிர்த்து பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு வருஷம் பசியோடு நின்றார்கள். தாட்சர் சர்க்கார் போலீசை ஏவி அதை முறியடித்தது. அதைத் தொடர்ந்த ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களில் ஹெசல்டனும் ஒருவர். கையில் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் சிறு தொழில் தொடங்கி, 1989-ல் இந்தக் கூண்டை உருவாக்கினார். எதற்காக? கடற்கரை அரிப்பைத் தடுக்க, வெள்ளத்தைத் தடுக்க!

1991 வளைகுடா யுத்தத்தில் பட்டாளம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு பாஸ்னியா, ஆப்கானிஸ்தானம், ஈராக். ஆக, யுத்தம் ஜனங்களுக்குக் கொடுத்த பொருளல்ல இது. ஜனங்களுக்காகப் பிறந்து யுத்தத்துக்குப் போன பொருள். மேதாவிகள் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். (ஹெசல்டன் கோடீசுவரரானார், லீட்ஸ் ஏழைகளுக்கென்று 2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தார், 2010-ல் இறந்தார். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. அவரோடு வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை.)

சுவர் இருந்தது. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில் இருந்ததா?

2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது. கரைகள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. புயலில் செத்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அந்தக் கரைகளைத் திட்டமிட்டுக் கட்டியது யார்? அதே ராணுவப் பொறியாளர் படை! மீட்புக்கு வரவேண்டிய லூயிசியானா மாகாணத் தேசியக் காவல்படையினர் சில ஆயிரம் பேர் அன்று எங்கே இருந்தார்கள்? ஈராக்கில்! கார் வாங்க வசதியில்லாத கறுப்பின ஏழைகள் கூரைமேல் நின்று துணியை வீசிக் கூப்பிட்டார்கள். ஜனங்கள் மூழ்கிய பிறகுதான் உடைந்த கரைகளைப் பலப்படுத்த ஹெஸ்கோ கூண்டுகள் வந்தன.

2009 மார்ச்சில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ரெட் நதி 40 அடிக்கு மேல் ஏறியபோது கூண்டுகள் முன்கூட்டியே வந்து சேர்ந்தன. மாணவர்களும் ஊராரும் இரவும் பகலும் லட்சக்கணக்கில் மண்மூட்டை கட்டினார்கள். நகரம் பிழைத்தது. அமெரிக்க சர்க்காருக்கு வழி தெரியாமல் இல்லை என்பதற்கு ஃபார்கோவே சாட்சி.

ராணுவத் தடுப்புகளில் இன்னொரு ஜாதி உண்டு: ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கான்கிரீட் சுவர். 2007 ஏப்ரலில் பாக்தாதின் அதாமியாப் பகுதியை அமெரிக்கப் பட்டாளம் இப்படிச் சுவர் எழுப்பி வளைத்தது. "பாதுகாப்பு" என்றார்கள். உள்ளே அடைபட்ட ஜனங்கள் சிறை என்று சொல்லித் தெருவில் இறங்கினார்கள்.

இந்த ஜாதிச் சுவர் ஊருக்குள் வருவதற்கு மட்டும் ஒரு நாளும் தாமதமில்லை, பணத் தட்டுப்பாடும் இல்லை. 2021 பிப்ரவரியில் டில்லி எல்லையில் வேளாண் சட்டங்களை எதிர்த்து உட்கார்ந்திருந்த விவசாயிகளுக்கு முன்னால் கான்கிரீட் கட்டைகள் முளைத்தன, முள்கம்பிச் சுருள்கள் விரிந்தன, தார் ரோட்டில் இரும்பு ஆணிகள் நடப்பட்டன. இதுவும் "பொதுஜன பாதுகாப்பு" என்ற பெயரில்தான். விவசாயிகள் ஆணிகளுக்குப் பக்கத்தில் பூச்செடி நட்டு வைத்தார்கள். அந்த நவம்பரில் சட்டங்கள் வாபஸாயின.