மலை உயர்ந்தால் மதி தாழும்



என் ஊர் திருவாதவூர். கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி உயரத்தைக்கூடத் தொடாத சமவெளி. இங்கே பிறந்தவனுக்கு இமயமலைக் காற்றைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

என் வகுப்புத் தோழர்கள் ஐவர் கோடை விடுமுறையில் லடாக் செல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள். டில்லியிலிருந்து விமானத்தில் லே. மறுநாளே மோட்டார் சைக்கிளில் 17,500 அடிக்கு மேலுள்ள கர்துங் லா கணவாய்! "முதலில் இரண்டு நாள் ஓய்வெடுங்கள்" என்றேன். "கம்மாய்க்கரையில் ஓடி வளர்ந்த உடம்புடா இது!" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

உயரத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை; எங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். 11,500 அடி உயரமுள்ள லேயில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இந்தக் குறைவை அதிகம் உணர வேண்டியது மூளை. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் பிராணவாயுவில் 20 பங்கை எடுத்துக்கொள்கிறது. பற்றாக்குறை வந்ததும் அதிக இரத்தத்தைப் பெற அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. பலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மையோடு போய்விடும். சிலருக்கோ குழாய்களிலிருந்து நீர் கசிந்து மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்குமா? நடை தள்ளாடும், பேச்சு குழறும், பிறகு நினைவு தப்பும். கவனிக்காவிட்டால் மரணம்.

ராணுவத்தில் இருக்கும் என் பெரியப்பா மகன் சென்ற ஆண்டு விடுப்பில் வந்தபோது சொன்னது இது. பனிமலைக் காவலிடம் ஒன்றில் உடனிருந்த ஒருவர், வரப்பில் நெல் கட்டைச் சுமந்து ஓடிய விவசாயி மகன், ஒரு காலை நேர்கோட்டில் நாலடி நடக்க முடியாமல் தடுமாறினாராம். "கீழே இறங்கு" என்றதற்குச் சண்டைக்கு வந்தாராம். "தனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னான்டா தம்பி. அதைக் கேட்டதும்தான் எங்களுக்குப் பயமாப் போச்சு" என்றார் அண்ணன். வலுக்கட்டாயமாக இறக்கினார்கள், பிழைத்தார்.

இங்கேதான் என் கருத்து. கால் முறிந்தால் மூளை நமக்குச் சொல்கிறது. மூளையே பழுதானால் யார் சொல்வது? உயரத்தில் முதலில் மங்குவது தன்னைத் தானே எடைபோடும் அறிவுதான். ஆகவே "முடியாவிட்டால் திரும்பிவிடுவோம்" என்பது வெறும் பேச்சு. முடியவில்லை என்பதையே அறியாத நிலையல்லவா அது!

உடல் வலுவும் இதற்குக் காப்பு அல்ல. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து வீரர்கள் அவசரமாக உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னர் ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் மலைநோயுற்ற 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அவர்கள் நோஞ்சான்களா? பயிற்சி பெற்ற படைவீரர்கள்! இன்று நம் ராணுவம் 9,000 அடி முதல் 12,000 அடி வரை 6 நாள், 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் 4 நாள் என்று நிறுத்தி நிறுத்தியே வீரர்களை ஏற்றுகிறது.

அந்த உயரம் நமக்கு அந்நியமுமல்ல. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேரில் நால்வர் தமிழகத்தார். ஒருவர் நம் மதுரை மாவட்டத்தார். அவர்களைக் கொன்றது பனி. ஆனால் நாள்தோறும் அவர்கள் சுவாசித்தது இந்த மெல்லிய காற்றைத்தான். அவர்கள் கடமைக்காக, படிப்படியாகப் பழகி ஏறிய உயரத்துக்கு நாம் ஒரு புகைப்படத்துக்காக ஒரே நாளில் பாய வேண்டுமா?

"கொடைக்கானல் போய் வந்தோமே!" என்கிறார்கள். அது 7,000 அடி. தொல்லை பொதுவாகத் தொடங்குவதே 8,000 அடிக்கு மேல்தான்.

தோழர்களே, போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லேயில் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். தலைவலி இருக்கும்வரை மேலே ஏறாதீர்கள். நடை தடுமாறினால் இரவானாலும் உடனே இறங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த முடிவுகளை மதி தெளிவாக இருக்கும்போதே, இங்கே மதுரையிலேயே எடுங்கள். "இறங்கு" என்று ஒருவன் சொன்னால் மற்ற நால்வரும் கேட்பதாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுங்கள்.

அங்கே திரும்பி வருவது கோழைத்தனமல்ல. ஜூன் மாதம் ஐவரும் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.