நம் நாயை எவர் அளவுகோலால் அளப்பது?

இராசபாளையத்து நாயைப் பெருமையாகப் பேசாத தமிழர் இலர். வெண்மயிரும் செம்மூக்கும் உடைய அவ்வேட்டைநாய்க்கு 2005இல் அஞ்சல்தலையும் வந்தது. ஆனால் பெருமை பேச்சோடு நின்றுவிடுகிறது. அந்நாயின் குருதிக்குள் நோயை எதிர்க்கும் ஆற்றல் எத்தகையது எனக் கேட்பாரைத்தான் தேட வேண்டியுள்ளது.

கேட்க வேண்டிய வேளை இதுவே. திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் ஒட்டிய மேற்குமலைக் காடு மேகமலையோடு சேர்க்கப்பட்டு 2021இல் வேங்கைக் காப்பகமாயிற்று. மலையடியெங்கும் தோப்புகள்; தோப்புகளிலே காவல்நாய்கள். நாய்களைக் கொல்லும் 'டிசுடெம்பர்' என்னும் நோயின் நச்சுயிரி, தட்டம்மை நச்சுயிரிக்கு நெருங்கிய உறவு. அது நாயோடு நில்லாது. வேங்கைக்கும் அரிமாவுக்கும் தாவும். 1994இல் ஆப்பிரிக்கச் செரங்கெட்டிக் காட்டில் ஏறத்தாழ ஆயிரம் அரிமாக்கள் அதனால் மாண்டன. 2018இல் குசராத்தின் கீர்க் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட அரிமாக்கள் இறந்தபோது, அவற்றுட் சிலவற்றில் இந்நச்சுயிரி காணப்பட்டது. உடனே தடுப்புமருந்து அமெரிக்காவினின்று வரவழைக்கப்பட்டது!

ஊசி போட்டால் தீர்ந்தது என்பார் உளர். ஊசி வேலை செய்ததா என்பதை எங்ஙனம் அறிவது? குருதியில் மிதக்கும் எதிர்ப்புப் பொருளை அளப்பது எளிது. ஆனால் நச்சுயிரி புகுந்த உயிரணுவைத் தேடிக் கொல்லும் படை வேறு. அதனை 'டி' உயிரணு என்பர். இப்படை நச்சுயிரியை நேரே காண்பதில்லை. நோயுற்ற உயிரணு தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தின் கையில் நச்சுயிரியின் சிறு துணுக்கை ஏந்திக் காட்டும். கையையும் துணுக்கையும் சேர்த்துப் பார்த்தே 'டி' உயிரணு பகையறியும். 1974இல் ஆத்திரேலியாவின் கான்பெராவில் இதனைக் கண்டவர் தோகெர்ட்டி, சிங்கெர்நாகல் என்னும் இருவர். 1996இல் நோபல் பரிசு பெற்றனர். அப்புரதத்தை 'ஏந்துபுரதம்' எனத் தமிழில் வழங்கலாம். நெட்டுருப்போட முடியாத அயற்பெயரை மாணவர் தலையில் ஏற்றுவானேன்?

அதே 1996இல் ஆல்ட்மன், டேவிசு முதலிய அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருவி செய்தனர். ஏந்துபுரதத்தின் மரபுக்குறிப்பைக் குடல்வாழ் நுண்ணுயிர் ஒன்றனுள் புகுத்தி, அப்புரதத்தைப் பெருக்கினர். துணுக்கைச் சேர்த்து அதனை மடித்தெடுத்தனர். பின்னர் நான்கு புரதங்களை ஒன்றாகப் பிணைத்து ஒளிரும் சாயமும் ஏற்றினர். ஒற்றைப் புரதத்தின் பிடி மிகத் தளர்வானது. 'டி' உயிரணுவினின்று விரைவில் நழுவிவிடும். நான்கு சேர்ந்தால் நழுவாது. ஒரு துளிக் குருதியில் அத்துணுக்கை அறியும் உயிரணுக்கள் எத்துணை என எண்ணிவிடலாம். இந்த நாற்பிணைப் புரதத்தை ஆய்வாளர்க்குச் செய்து வழங்கவே அமெரிக்க அரசின் பொருளுதவியோடு அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் தனிக்கூடம் ஏற்பட்டது.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. ஏந்துபுரதம் எல்லார்க்கும் ஒன்றன்று. இனந்தோறும் ஆள்தோறும் வகை மாறும். வகை மாறினால் ஏந்தும் துணுக்கும் மாறக்கூடும். மாந்தரிடை 'ஏ-2' என்னும் குழுவில் ஐரோப்பியர்க்கு மிகுதியானது ஓர் உள்வகை. இந்திய மக்களிடை பரவலாகக் காணப்படுவது வேறோர் உள்வகை. ஐரோப்பியர் அளவில் செய்த கருவி நம் குருதியில் ஒன்றும் காட்டவில்லையெனில், படை இல்லை என்பது பொருளா, அளவுகோல் பொருந்தவில்லை என்பது பொருளா?

நாய்க்கும் இதுவே. 2016இல் சீன ஆய்வாளர் நாயின் ஏந்துபுரத வகையொன்றை நுண்ணுயிரில் செய்து, 'டிசுடெம்பர்' துணுக்கை அது ஏந்தும் வடிவத்தை வெளியிட்டனர். நல்ல பணி. எனினும் அது பல வகைகளுள் ஒன்றே. குறுகிய வழியில் தன்னினத்துள்ளேயே பெருக்கப்படும் நாயினத்தில் வகைகள் அருகிவிடும். அருகினால் ஒரே நச்சுயிரிக்கு இனமே இரையாகும் இடர் உண்டு. இராசபாளையத்து நாயில் எஞ்சியுள்ள வகைகள் எவை என்பதை அறிந்தாலன்றி அதற்குரிய கருவியைச் செய்யவியலாது.

நாய்க்கா இத்துணைச் செலவு எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நாய்க்குக் கற்ற கலைதான் மாந்தர்க்கும் கை கொடுக்கும். நுண்ணுயிரும் மடிக்கும் முறையும் ஒன்றே. கற்கும் ஆளும் நம்மிடம் இல்லாமலில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தென்தமிழ்நாட்டு மக்களின் இவ்வகைகளைப் பல்லாண்டு ஆய்ந்து, காசநோயோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் தேடினர். கால்நடைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் சென்னையில் 1989 முதல் உள்ளது. அப்பல்கலைக்கழகம் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வெறிநாய்த் தடுப்பூசி போடும் நாள்களிலேயே, உரியவர் இசைவோடு நாய்தோறும் சில துளிக் குருதி பெற்று இக்கணக்கெடுப்பைத் தொடங்கலாம். காவல்நாய்களையும் விடாது சேர்க்க வேண்டும். காட்டோரம் திரிபவை அவையே.