அந்த அறையின் சாவி யாரிடம்?

கனடாவில் சில மருத்துவமனைகளில் பூர்வகுடி மக்களுக்கென்று ஒரு தனி அறை இருக்கிறது. நோயாளியும் சொந்தபந்தங்களும் அங்கே கூடி உட்காரலாம், பிரார்த்தனை செய்யலாம், சேஜ் என்ற மூலிகை இலையைக் கொளுத்திப் புகை காட்டலாம். (கிட்டத்தட்ட நம்மூர் சாம்பிராணி மாதிரி.) புகை வந்தால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால் தனிக் காற்றோட்டக் குழாய் வைக்க வேண்டும். ஆக, செலவு!

உடனே ஒரு கேள்வி வரும். "மருத்துவமனைக்கு வருவது மருந்துக்குத்தானே, இதெல்லாம் எதற்கு?"

மருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் நோயாளி முதலில் உள்ளே வர வேண்டும், வந்தவரை யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும். பிரையன் சின்க்ளேர் என்ற பூர்வகுடி மனிதர் 2008 செப்டம்பரில் வினிபெக் நகரின் பெரிய மருத்துவமனைக்கு வந்தார். இரண்டு கால்களும் இல்லாதவர். அவசரப் பிரிவில் சக்கர நாற்காலியிலேயே 34 மணி நேரம் காத்திருந்து இறந்துபோனார். அவருக்கு இருந்தது குணப்படுத்தக்கூடிய சிறுநீர்ப்பைத் தொற்று. குடித்திருக்கிறார், அல்லது ஒதுங்க இடமில்லாமல் வந்திருக்கிறார் என்று சில ஊழியர்கள் நினைத்துவிட்டதாகப் பின்னர் விசாரணையில் தெரிந்தது.

இதன் வேர் பழையது. அங்கே சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. பாட்லாட்ச் போன்ற சடங்குகளுக்கு 1880களில் வந்த சட்டத்தடை 1951 வரை இருந்தது. பாட்டி செய்த சடங்கையே குற்றம் என்ற அரசின் கட்டடத்துக்குள் பேத்தி எப்படி நிம்மதியாகப் படுப்பாள்? 2015-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தந்த 94 பரிந்துரைகளில் ஒன்று, நோயாளி கேட்டால் அவர்களுடைய வைத்தியர்கள், பெரியவர்களோடு சேர்ந்து பாரம்பரிய முறைகளையும் சிகிச்சையில் பயன்படுத்துங்கள் என்கிறது. 'கேட்டால்' என்பதைக் கவனியுங்கள். பூர்வகுடிகளில் கிறிஸ்தவர்களும் நிறைய உண்டு. எல்லோர் முகத்திலும் புகை காட்டச் சொல்லவில்லை.

சரி, அறை கட்டியாச்சு. சுவரில் கழுகு இறகு ஓவியம், மூலையில் ஒரு மேளம், திறப்பு விழா போட்டோ எல்லாம் ஆச்சு. ஆனால் சாவி செக்யூரிட்டியிடம், உள்ளே போக இரண்டு நாள் முன்பே படிவம் என்றால்? அது மருத்துவமனை தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளக் கட்டிய அறை!

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இருக்கிறது. சவுத்சென்ட்ரல் ஃபவுண்டேஷன் என்பது 1982-ல் தொடங்கிய பூர்வகுடி அமைப்பு. 1990களின் கடைசியில், அமெரிக்க அரசு நடத்திவந்த முதல்நிலை மருத்துவ சேவையை அது தன் கைக்கு எடுத்துக்கொண்டது. காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே வருபவரை நோயாளி என்று சொல்வதில்லை, 'வாடிக்கையாளர்-உரிமையாளர்' என்கிறார்கள். வெறும் அலங்கார வார்த்தை என்று நினைக்க வேண்டாம். என்ன வேண்டும் என்று மக்களிடமே கேட்டு எல்லாவற்றையும் மாற்றினார்கள். குடும்பத்துக்கு ஒரே மருத்துவக் குழு, கூப்பிட்ட அன்றைக்கே டாக்டரைப் பார்க்கும் வசதி, பரிசோதனைக் கட்டில் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பேச அறைகள், பாரம்பரிய வைத்தியத்துக்குத் தனிப் பிரிவு. அவசரப் பிரிவுக்கு ஓடுவது கணிசமாகக் குறைந்தது. தரமான நிர்வாகத்துக்கு அமெரிக்கா தரும் பால்ட்ரிஜ் விருது 2011, 2017 என்று இரண்டு முறை வந்தது. பெரிய பெரிய கம்பெனிகள் ஏங்கும் விருது அது.

எல்லா ஊரிலும் மருத்துவமனையையே கைமாற்ற முடியாதுதான். ஆனால் பட்ஜெட்டைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். காற்றோட்டக் குழாய்க்கு ஒரு தடவை பணம் ஒதுக்கினால் போதும். அந்த அறையில் உட்கார்ந்து பேசப்போகும் பெரியவருக்கு மாதாமாதம் சம்பளம் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்?