கடல்பாசியின் பூச்சிவிரட்டி மாட்டுக்கு எதற்கு?

மூலிகைப் பூச்சிவிரட்டிக்கு இலை பறிக்கும்போது நாம என்ன கணக்கு வெச்சிருக்கோம்? ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை, வாடை அடிக்கும் இலை. ஆடாதொடை, எருக்கு, வேம்பு, நொச்சி. ஓடி ஒளிய முடியாத செடி, தன்னைக் காப்பாத்திக்க கசப்பையும் வாடையையும் வெச்சிருக்கு. இது நமக்குப் பழகிய சங்கதி.

கடலுக்குள்ளேயும் இதே கதைதான். அஸ்பராகாப்சிஸ் என்றொரு செம்பாசி. கடல்நீரில் இருக்கிற புரோமினை எடுத்து, புரோமோஃபார்ம் என்ற ஆவியாகிற பொருளைச் செய்து, அதற்கென்றே உள்ள சுரப்பிச் செல்களில் சேர்த்து வைக்கிறது. குளோரோஃபார்முக்கு இது பங்காளி. மேய வருகிற உயிர்கள் ஒதுங்கிப் போகும், பாக்டீரியாவும் லேசில் ஒட்டாது. புரோமின் இல்லாத நீரில் இந்தப் பாசியை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதன்மேல் பாக்டீரியா கூடிப்போனது. பாசிக்கு அந்த வாடை எதற்கு என்று இதிலிருந்தே தெரிகிறது.

இதைத்தான் இப்போது மாட்டுத் தீவனத்தில் கலக்கச் சொல்றாங்க. மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது, அதனால் பூமி சூடாகிறது என்பது வாதம். 2016-ல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில், மாட்டின் அசைபோடும் வயிற்று நீரைக் குடுவையில் எடுத்து 2% பாசி கலந்தபோது மீத்தேன் ஏறக்குறைய முழுசா நின்றுவிட்டது. 2021-ல் கலிபோர்னியாவில் இறைச்சி மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 80 சதவீதம் வரை குறைந்தது. பொய்யில்லை, வேலை செய்கிறது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரின் வேலையை புரோமோஃபார்ம் தடுக்கிறது.

ஆனால் அதே 2021-ல் நெதர்லாந்து ஆய்வொன்றும் வந்தது. அங்கே கறவை மாடுகள் பாசி கலந்த தீவனத்தை ஒதுக்கின. பாலிலும் சிறுநீரிலும் புரோமோஃபார்ம் தென்பட்டது. அறுத்துப் பார்த்த மாடுகளின் இரைப்பைச் சுவரில் அழற்சி இருந்தது. சில மாடுகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான்; ஆஸ்திரேலிய ஆய்வில் இறைச்சியில் அது தென்படவில்லை என்பதையும் சொல்லணும். இருந்தாலும் மாடு முகத்தைத் திருப்பிக்கிட்டதை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். ஆடு தின்னாத இலையை நாம வயலில் தெளிக்கிறோம், தினமும் தொட்டியில் கலக்குறதில்லையே!

ஹவாய்த் தீவுக்காரர்கள் இதே பாசியை லிமு கோஹு என்ற பெயரில் வெகுகாலமாகச் சாப்பிடுகிறார்கள். எப்படி? நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கசப்பை இறக்கி, உப்புப் போட்டு, மீனோடு துளி ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்கிறார்கள். நம்ம வீட்டில் சுண்டைக்காயை வற்றல் போடுகிற அறிவுதான் அது. தீவன ஆட்கள் செய்வது இதற்கு நேர்மாறு. அந்தக் காரம் ஆவியாகிப் போய்விடாமல் உறைய வைத்து உலர்த்துகிறார்கள், இல்லையென்றால் எண்ணெயில் ஊறவைத்துப் பிடித்து வைக்கிறார்கள். மாடு பூமியைச் சூடாக்குகிறது என்று தொடங்கிய பேச்சில் இன்னொன்றும் விட்டுப்போகிறது: காற்றில் கலக்கும் புரோமோஃபார்ம் ஓசோனைத் தின்னக்கூடியது. பண்ணை பண்ணையாக இந்தப் பாசியை வளர்த்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

கரையில் ஒதுங்கும் கட்டக்கோரையைத் தென்னைக்கு உரமாகப் போடுவது வேறு, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் 'மீத்தேன் குறைக்கும் பாசித் தீவனம்' என்று யாராவது மூட்டையோடு உங்கள் கொட்டகைக்கு வந்தால், ஒரு கிலோவில் எவ்வளவு புரோமோஃபார்ம், எத்தனை மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், பாலைச் சோதித்த தாள் எங்கே என்று மூன்றையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு அப்புறம் மூட்டையைப் பிரிங்க.