பழுது பார்க்கும் கைக்கு ஒரு மேசை கொடுப்போம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு சிறிய கோரிக்கை வந்தது. படிப்பக அறையின் பின்புறம் சும்மா கிடக்கும் மேசையை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குத் தாருங்கள், ஒரு பிளக் பாயிண்டும் ஒரு விளக்கும் இருந்தால் போதும் என்று நான்கு இளைஞர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எதற்காக? டிவியில் மாட்டி விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கவும், அந்த வேலையை மற்றப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கவும்.

செயற்குழுவில் சிரிப்பு எழுந்தது. "சங்கம் என்ன விளையாட்டுக் கூடமா?" என்று கேட்டார் மூத்த தோழர் ஒருவர். கோரிக்கை அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. சிரித்தவர்களில் நாமும் ஒருவர். அந்தச் சிரிப்பு தவறானது என்று ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

இந்தப் பெட்டிகள் எவை என்பது கட்கி, தெஹு ரோடு, கோர்பாடி பகுதிகளில் பிள்ளை வளர்த்த தாய்மார்களுக்குத் தெரியும். 1990-களில் தீபாவளி போனஸ் வந்ததும் பிள்ளைகள் அடம் பிடித்துக் கேட்ட பொருள் அது. லிட்டில் மாஸ்டர், மீடியா, பிறகு மிட்டாஷி என்று பல பெயர்களில் வந்தது. ஒரு வீட்டில் வாங்கினால் சாலில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அந்த வீட்டு வாசலில்தான். வாங்க முடியாதவர்கள் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடினார்கள். ஊரை விட்டு வந்து, மொழி தெரியாத தெருவில் நின்ற நம் பிள்ளைகளுக்கு மராட்டிப் பிள்ளைகளோடு முதல் சிநேகிதம் பல இடங்களில் அந்தப் பெட்டியின் முன்னால்தான் ஏற்பட்டது.

அவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் ஒன்றே. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டி அது. உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது. நம் வீடுகளுக்கு வந்தவை அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகள். மூலப் பெட்டியின் உற்பத்தியை அந்த நிறுவனம் 2003-இல் நிறுத்தியது. ஜப்பானில் அதைப் பழுது பார்த்துக் கொடுப்பதை 2007 அக்டோபரில் நிறுத்தியது. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்பது காரணம். அதாவது, வெளியிட்ட நாளிலிருந்து 24 ஆண்டுகள் செய்தவனே பழுது பார்த்தான். அதன் பிறகு அந்தப் பொறுப்பு யார் கைக்கு வந்தது? டோக்கியோவில் ஒரு மூலைக் கடைக்காரர் கைக்கும், புனேயில் நம் இளைஞன் கைக்கும் வந்தது.

அந்த நால்வரில் ஒருவனை நமக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். தகப்பனார் சென்ட்ரிங் வேலை செய்தவர். பையன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் ஜுனா பஜாரில் செத்த பெட்டிகளைப் பொறுக்கி வருவான். புத்வார் பேட்டை தப்கீர் கல்லியில் உதிரிச் சாமான் வாங்குவான். "பங்கார் பொறுக்குகிறான் அண்ணே, நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று அவன் தாயார் நம்மிடம் அழுதிருக்கிறார். நாமும் புத்தி சொன்னோம். அவன் என்ன செய்கிறான் என்று ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

செயற்குழுவுக்குப் பிறகு ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்தோம். கண்டதைச் சொல்கிறோம்.

விளக்கே எரியாத ஒரு பெட்டி வந்தது. அவன் முதலில் பார்த்தது பெட்டியை அல்ல, அடாப்டரை. பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அடாப்டர் பின்னின் நடுமுனை மைனஸ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுமுனை பிளஸ். மாற்றிச் செருகியவன் பெட்டியைக் கெடுத்துவிட்டு, பெட்டி சரியில்லை என்கிறான். உள்ளே 7805 என்ற மூன்று கால் பாகம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது அதன் வேலை. குறைத்த மிச்சம் சூடாக வெளியேறும். அந்தச் சூட்டில் பக்கத்திலுள்ள கண்டென்சர்கள் காய்ந்துபோகும், படத்தில் கோடு ஓடும். மல்டிமீட்டரை வைத்து அளந்தான், 7805-ஐயும் இரண்டு கண்டென்சர்களையும் மாற்றினான், பெட்டி எழுந்துகொண்டது. சாமான் விலை ஐம்பது ரூபாய்க்குள்.

அடுத்தது, கேசட் போட்டால் படம் வராத பெட்டி. நாமெல்லாம் அந்தக் காலத்தில் கேசட்டை ஊதி ஊதிப் போட்டோமே, அது தவறாம். வாயின் ஈரம் பட்டு அதன் 60 முனைகளும் நாளடைவில் கறுத்துப்போகும். அவன் ரப்பரால் மெல்லத் துடைத்து, ஐசோபுரோபைல் திரவத்தால் கழுவினான். அதோடு சரியாயிற்று.

மூன்றாவது பெட்டிக்குச் செய்தது மாற்றி அமைக்கும் வேலை. பழைய பெட்டி ஆன்டெனா வழியாகத்தான் டிவிக்குப் படம் அனுப்பும், புதிய டிவியில் அது புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. போர்டிலிருந்து படத்தை நேராக எடுத்து, ஒரு டிரான்சிஸ்டரும் சில ரெசிஸ்டரும் சேர்த்து, மஞ்சள் ஏவி முனைக்குக் கொண்டுவந்துவிட்டான். படம் தெளிவாக வந்தது.

நான்காவதாக ஒருவர் வாத்து சுடும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அதை அவன் திறக்கவே இல்லை. "இது கெடவில்லை அண்ணா" என்றான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, குறி உள்ள இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரும் பாகம் அதைப் பிடிக்க வேண்டும். பிக்சர் டியூப் டிவி படம் வரையும் வேகத்துக்கு அமைத்தது அது, எல்இடி டிவியில் வேலை செய்யாது. வந்தவரிடம் ஒரு பைசா வாங்காமல் திருப்பி அனுப்பினான்.

தோழர்களே, இது பங்கார் பொறுக்குவதா? அளந்து பார்த்து, காரணம் கண்டு, குறைந்த செலவில் சரி செய்து, தேவையில்லாத வேலைக்குக் கூலி வாங்காமல் இருப்பது தொழிலாளியின் இலக்கணம். சான்றிதழ் இல்லை என்பதைத் தவிர அவனிடம் என்ன குறை?

ஆனால் அவன் சொன்ன ஒரு செய்திதான் நம்மை எழுத வைத்தது. முதலில் வந்த பெட்டிகளில் மூளையாக இருந்த ஐசிக்கள் கால்களோடு தனித்தனியாக இருந்தன. கெட்டதைக் கழற்றி வேறு ஒன்றிலிருந்து எடுத்துப் போடலாம். பின்னால் வந்த மலிவுப் பெட்டிகளில் எல்லாம் ஒரே சில்லாகி, அதன்மேல் கறுப்புப் பிசின் ஒரு பொட்டாக ஊற்றப்பட்டுவிட்டது. அந்தப் பொட்டுக்குள் கெட்டால் தூக்கி எறிவதுதான் வழி. "பொட்டு வைத்துவிட்டார்கள் என்றால் எனக்கு வேலை இல்லை அண்ணா" என்றான் தம்பி.

கறுப்புப் பொட்டு மலிவுக்காக வந்தது. வேண்டுமென்றே போட்ட பூட்டுகளும் உண்டு. 1985-இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில், நிறுவனம் ஒப்புதல் கொடுக்காத கேசட் ஓடக் கூடாது என்று ஒரு காவல் சில்லை வைத்தார்கள். கேசட் முனையில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் அந்தக் காவல்காரன் சொந்த வீட்டுக்காரனையே திருடன் என்று எண்ணி, பெட்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்திவிடுவான். மெக்கானிக்குகள் அந்தச் சில்லின் 4-ஆவது காலைத் தூக்கிவிட்டால் தொல்லை ஒழியும் என்று கண்டுபிடித்தார்கள். பூட்டே பழுதானபோது, வீட்டுக்காரனைக் காப்பாற்றியது மெக்கானிக்கின் கை.

இன்று அந்தப் பூட்டு வீடியோ கேமோடு நிற்கவில்லை. மொபைல் போன் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. உதிரிப் பாகம் மாற்றினால் போன் அதை ஏற்க மறுக்கிறது. வரைபடம் வெளியே கிடைப்பதில்லை. பழுது பார்த்துப் பிழைக்கும் தெருக்கடைக்காரனின் சோற்றில் விழும் மண் இது. பத்தாயிரம் ரூபாய்ச் சாமானை இரண்டு ஆண்டில் தூக்கி எறிந்து புதிது வாங்க வேண்டிய தொழிலாளியின் சம்பளத்திலும் விழுகிறது.

அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் இத்தகைய டிஜிட்டல் பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கியது. கேம் பெட்டியின் டிஸ்க் டிரைவ் கெட்டால் மாற்றுவதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கே 2021-இல்தான் கிடைத்தது. 2023-இல் மின்னசோட்டா, கலிஃபோர்னியா மாநிலங்கள் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் செய்தன. இரண்டிலும் வீடியோ கேம் பெட்டிக்கு விதிவிலக்கு! நாம் விளையாட்டுச் சாமான் என்று சிரித்தோமே, கம்பெனிகள் சிரிக்கவில்லை. அதன் பூட்டைக் காப்பாற்ற அவர்கள் சட்டமன்றம் வரை போனார்கள்.

நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாசலைத் திறந்தது. 2025 மே மாதத்தில் ஒரு குழு, பொருள்களுக்குப் பழுது பார்க்கும் எளிமையை வைத்து மதிப்பெண் போடும் திட்டத்தைக் கொடுத்தது. முதலில் மொபைலுக்கும் டேப்லெட்டுக்கும் என்றது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மதிப்பெண் போடுவது வேறு, உதிரிப் பாகமும் வரைபடமும் தப்கீர் கல்லி மெக்கானிக்குக்குக் கிடைக்கச் செய்வது வேறு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின் பட்டியலில் வீடியோ கேமும் இருக்கிறது. கழிவான பிறகு கணக்குக் கேட்கும் அரசு, கழிவாகாமல் தடுப்பவனுக்கு என்ன மரியாதை கொடுத்திருக்கிறது?

மூத்த தோழர்களின் ஆட்சேபங்களையும் நாம் தட்டிக்கழிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டில் மூழ்கிக் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். நியாயமான பயம். சோதித்துப் பார்க்கும் நேரம் போக அந்த மேசையில் ஆட்டம் கூடாது என்று விதி செய்வோம். நகல் சரக்குக்குச் சங்கம் துணை போகலாமா என்கிறார்கள். போகலாகாது. சொந்தப் பெட்டியின் கண்டென்சரை மாற்றுவது திருட்டு அல்ல. ஆனால் ஆட்டங்களுக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்பு உண்டு. கேசட்டை நகலெடுத்து விற்கும் வேலை நம் கூரையின் கீழ் நடக்காது. ஈயப் புகை உடம்புக்குக் கேடு என்கிறார்கள். உண்மை. சன்னல் ஓரம் மேசை போட்டு, ஒரு மின்விசிறி வைத்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் உணவைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாக இருப்போம். பிக்சர் டியூப் டிவியின் உள்ளே, மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே டிவியைத் திறக்க மாணவர் எவருக்கும் அனுமதி இல்லை.

படிக்காத கைக்கு யார் அங்கீகாரம் கொடுப்பார்கள் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இதே புனே நகரில் பதில் இருக்கிறது. 1993-இல் குப்பை பொறுக்கும் பெண்கள், பாபா ஆடாவ் போன்றோர் துணை நிற்க, காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற சங்கம் அமைத்தார்கள். மாநகராட்சி ஒப்புக்கொண்ட அடையாள அட்டையைப் பெற்றார்கள். பிறகு அவர்களின் ஸ்வச் கூட்டுறவு, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பணியையே மாநகராட்சியிடமிருந்து வாங்கியது. திருடி என்றும் அழுக்குக்காரி என்றும் ஏசப்பட்டவர்கள் தொழிலாளர்கள் என்று பெயர் வாங்கினார்கள். அவர்களுக்கு முதலில் அட்டை கொடுத்தது அவர்களின் சங்கமே. அரசு பின்னால் வந்தது.

எனவே பொதுக்குழுவின் முன் நாம் வைப்பது நான்கு. மேசையை ஞாயிறுதோறும் அந்த இளைஞர்களுக்குக் கொடுப்போம். ஆறு மாதம் ஒழுங்காகக் கற்றவர்களுக்குச் சங்கத்தின் முத்திரையோடு ஒரு பயிற்சிக் கடிதம் கொடுப்போம், கடைக்காரரிடம் காட்ட அது உதவும். சரி செய்ய முடியாத போர்டுகளைத் தெருவில் எரிக்காமல், பதிவு பெற்ற மின்கழிவு நிலையத்துக்கு அனுப்புவோம். உதிரிப் பாகமும் வரைபடமும் சிறு மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் சட்டம் வேண்டும், அதில் எந்தப் பெட்டிக்கும் விதிவிலக்கு கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசுக்கு அனுப்புவோம்.

வீட்டுப் பரணில் செத்துக் கிடக்கும் பெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள், கூடவே உங்கள் பையனையும் பெண்ணையும் அழைத்து வாருங்கள். அந்தத் தம்பியின் தாயாரையும் பொதுக்குழுவுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். அவர் முன்னால் நம் கைகள் உயரட்டும்.