கடையும் அவர்கள், குழலும் அவர்கள்

நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்தில் அபராதம் 10,000 ரூபாய். குடிச்சிட்டு ஓட்டுறவனுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா அதைக் கட்ட, பெண்டாட்டி தோட்டோடு நகைக்கடன் கேட்டு வரும் கூலிக்காரரை வங்கிக் கவுண்ட்டரில் பார்க்கிறவன் நான்.

2003 முதல் சில்லறையில் விற்பதும் அரசு. ரோட்டில் ஊதச் சொல்வதும் அரசு. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் கடை கூடாதென 2016இல் சொன்ன உச்சநீதிமன்றமே, நகராட்சிக்குள் அது பொருந்தாதென 2017இல் தளர்த்தியது. சின்னமனூர், கம்பம், கூடலூர் எல்லாம் நகராட்சி. குமுளிக்குப் போகும் சாலை இவற்றின் ஊடே ஓடுகிறது.

விடியுமுன் கம்பம்மெட்டு ஏறும் ஏலத்தோட்ட ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போவது நம்ம பொம்பளைக. தோழர்களே, கேட்போம்: ரோட்டோரக் கடையை எடு, மெட்டு அடிவாரத்தில் டிரைவரை ஊத வை, வேகத்தைப் பார், ஏற்றிய ஆளை எண்ணு.