கட்டணம் ஏறியது, கோப்பு நகரவில்லை

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே உள்ள கிளப்புக்குப் போய், வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடுவது என் பழக்கம். அதற்கு ஒரு ஷாட்கன் வைத்திருக்கிறேன். அதை வைத்திருக்கப் போலீஸ் உரிமம் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த முறை புதுப்பிக்கப் போய்ப் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லாமல் ஆறாது.

2025 ஜூன் கடைசியில் உரிமம் முடிய இருந்தது. மார்ச் நடுவிலேயே விண்ணப்பம், புகைப்படம், நற்சான்று தருபவர் விவரம், டாக்டர் சான்று எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். டாக்டர் சான்றுக்குத் தனிப் பணம். உரிமக் கட்டணம் 126 பவுண்டு. அந்த ஆண்டு பிப்ரவரி வரை அது 49 பவுண்டுதான்! 2015இலிருந்து ஏறாமல் கிடந்த கட்டணம் ஒரே நாளில் இரண்டரை மடங்கானது. புதிதாக ஷாட்கன் உரிமம் வாங்குபவருக்கு 79.50 பவுண்டு 194 ஆனது. இந்த வேலைக்கு ஆகும் முழுச் செலவையும் கட்டணத்திலேயே ஈடுகட்ட வேண்டும் என்றது அரசு. சரி, வேலை ஒழுங்காக நடந்தால் போதும் என்று கொடுத்தேன்.

நடக்கவில்லை. ஏப்ரலில் கேட்டேன், வரிசையில் இருக்கிறது என்றார்கள். மே மாதமும் அதே பதில். ஃபோனை வாரத்தில் சில மணி நேரம்தான் எடுப்பார்கள். ஒருநாள் எடுத்த பெண், "இருப்பது நாலு பேர், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த அலுப்பைக் கேட்டபின் அவர்மேல் கோபம் வரவில்லை. அவரை அப்படி உட்கார வைத்தவர்கள்மேல்தான் வந்தது.

எட்டு வாரம் முன்னதாக விண்ணப்பித்தவருக்கு, போலீஸ் முடிவெடுக்காவிட்டால் உரிமம் மேலும் எட்டு வாரம் தானாக நீளும். அந்த எட்டு வாரமும் ஆகஸ்டில் தீர்ந்தது. அதற்குமேல் துப்பாக்கி ஒருநாள் வீட்டில் இருந்தாலும் நான் குற்றவாளி. தாமதம் அவர்களுடையது, குற்றம் மட்டும் என் தலையில். துப்பாக்கிக் கடைக்காரரிடம் கொடுத்து, மாத வாடகை கட்டி வைத்தேன். அக்டோபரில் ஓர் அதிகாரி வந்தார். துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரியைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், அரை மணியில் கிளம்பினார். அடுத்த வாரம் உரிமம் தபாலில் வந்தது.

துப்பாக்கியைக் கேட்டவுடன் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றவன் உரிமத்தோடுதான் துப்பாக்கி வைத்திருந்தான். தோண்டித் துருவி விசாரிக்கட்டும். ஆனால் தாமதத்தைக் கவனம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 12 அன்று பிளிமத் நகரின் கீயம் பகுதியில் 22 வயது இளைஞன் ஒருவன் ஷாட்கன்னால் ஐந்து பேரைக் கொன்றான். அதில் ஒரு குழந்தைக்கு வயது மூன்று. முந்தைய ஆண்டு இரண்டு பதின்வயதினரைத் தாக்கியதற்காகப் போலீஸ் அவனிடமிருந்து பறித்த துப்பாக்கி அது. கொலைகளுக்குச் சில வாரங்களுக்கு முன் அவனிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். 2023இல் மரண விசாரணை ஜூரி, அந்தப் போலீசின் உரிமப் பிரிவில் கடுமையான தவறுகள் நடந்திருக்கின்றன, ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்றது. ஆளும் பயிற்சியும் இல்லாத மேஜையில் நல்லவன் கோப்பு தூங்கும். ஆபத்தானவன் கோப்பு கண்ணுக்குத் தப்பிப் போகும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 காவல் படைகள். கட்டணம் எங்கும் ஒன்றே. சில இடங்களில் வேலை வாரக்கணக்கில் முடிகிறது, சில இடங்களில் மாதக்கணக்கில் இழுக்கிறது. அப்படியென்றால் முடியாத வேலை இல்லை இது.

உள்துறைக்கும் காவல் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்களிடம் கூடுதலாக வாங்கும் பணம் முழுவதும் உரிமப் பிரிவுக்கே போகும்படி விதி செய்யுங்கள். அங்கே ஆள் போடுங்கள், பயிற்சி கொடுங்கள், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கீயமில் பறிபோன ஐந்து உயிர்களுக்காகவாவது அந்த மேஜையைச் சீர்செய்யுங்கள்.